காலில் சிவப்புக் கட்டிய கோழி

புலம்பெயர்ந்து வந்து வெக்ஸ்போர்ட்டில் வீடு வாங்கிய நாள் முதல் எங்கள் பின்வளவுக்கு ரக்கூன் வந்திருக்கிறது, அணில் வந்திருக்கிறது, ஒருமுறை நரியும் வந்தது. கோழி வந்ததில்லை. அதுவும் என் கணவருக்கு இருதய ஒபரேசன் என்று நாள் குறித்த கிழமையில் வந்தால் நான் என்னவென்று நினைப்பது?

குசினியில் சமைத்துக்கொண்டே ஜன்னலால் பார்த்தேன். மண்ணிறக் கோழி, என் தக்காளிப் பாத்தியைக் கிளறிக்கொண்டு நின்றது. அதன் காலில் சிவப்பாக ஏதோ கட்டியிருந்தது. உடனே ஜன்னலைச் சாத்தினேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் தீராத நோயில் கிடக்கிற வருத்தக்காரருக்குக் கழிப்புக் கழிப்பார்கள். ஒரு கோழியின் காலில் சிவப்புத் துணி கட்டி, அதை அவர் தலையைச் சுற்றி எடுத்து, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். வருத்தம் கோழியோடு போய்விடும். பிறகு அந்தக் கோழியைத் தொடுகிறவரை அது பிடித்துக்கொள்ளும் என்பது பேச்சு. இதையெல்லாம் நான் நம்புவதில்லை. ஆனால் என் கணவருக்கு நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் நம்பாமல் இருக்கவும் துணிவு வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரியும் யாழ்ப்பாணம்தான். அவளுடைய மனுசன் சிறுநீரக வருத்தத்தோடு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர். அண்மையில் திடீரென்று எழும்பி முன்வாசலில் நடக்கத் தொடங்கியிருந்தார். அவர் எழும்புகிறார், இங்கே கோழி வருகிறது. எனக்குக் கணக்குச் சரியாக வந்தது.

கோழி வேலி இடுக்கால் அவர்கள் வளவுக்குப் போகும், வரும், பொழுதுபட்டால் எங்கோ மறைந்துவிடும். நான் கிட்டப் போகவில்லை. என் கணவரையும் பின்கதவைத் திறக்க வேண்டாமென்றேன். அவரோ நான் குளிக்கிற நேரம் பார்த்து அதற்குச் சோறு போட்டிருக்கிறார். படியில் பருக்கை கிடந்தது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்றார், பிடிபட்டதும்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரி என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தாள். வழமையாக முருங்கைக்காய் வாங்கினால் எனக்கும் இரண்டு தருகிறவள், என்னைக் கண்டதும் கராஜுக்குள் நுழைந்தாள். ஒருநாள் குப்பைத் தொட்டி தள்ளும்போது நேருக்கு நேர் மாட்டினாள். நான் வாயே திறக்கவில்லை.

"நாங்கள் அந்தக் கோழியைத் தொடேல்லை அக்கா," என்றாள்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அன்று பின்னேரம் கோழி வேலியோரம் நின்றபோது அவளைக் கூப்பிட்டேன்.

"உங்கடை மனுசன் சுகமாகட்டும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. அதுக்காக உந்தக் கோழியை எங்கடை வளவுக்குள்ள விடலாமோ?"

அவள் முகம் வெளிறிப்போனது. "ஐயோ அக்கா, அது நீங்கள் அண்ணைக்குக் கழிச்சு விட்டதெண்டெல்லோ நான் நினைச்சன். இவர் இப்பதான் எழும்பி நடக்கிறார். அதுதான் இவரைப் பின்னால போக விடாமல் வைச்சிருக்கிறன்."

இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கோழி நடுவில் நின்று புழு தேடியது.

பின்கதவு திறந்தது. என் கணவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"உது பின்தெருவில இருக்கிற வெள்ளைக்காரன்ரை கோழி. நாலு வளர்க்கிறான். அடையாளத்துக்குக் காலில பிளாஸ்டிக் வளையம் போட்டிருக்கிறான், ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு நிறம். நடக்கப் போகேக்குள்ள கண்டனான்."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் எங்கை கேட்டனீர்?"

சிரித்தோம். சிரித்து முடிந்ததும், கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றாள் அவள். நீங்கள் பிடியுங்கோ என்றேன். இல்லை அக்கா, நீங்கள் பிடியுங்கோ என்றாள். வளையம் என்று தெரிந்த பிறகும் இரண்டு பேருக்கும் கை நீளவில்லை.

அவர் குனிந்து கோழியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"விடுங்கோ அதை," என்று கத்தினேன்.

"எனக்குத்தான் ஏற்கெனவே வருத்தம் இருக்கே. இனி உது புதுசா என்னத்தைத் தரப்போகுது?" என்று சொல்லிவிட்டு வாசலால் நடந்தார். பக்கத்து வீட்டுக்காரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அழுகை வரவில்லை, அவர் மீது கோபம்தான் வந்தது.

திரும்பி வந்தவரைக் குசினித் தொட்டியடியில் நிறுத்தி, மஞ்சள் கரைத்த தண்ணீரில் கை கழுவச் சொன்னேன். என்னைப் பகிடி பண்ணுவார் என்று பார்த்தேன். இரண்டு கையையும் நீட்டினார். பிடித்துக் கழுவினேன். கழுவி முடிந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

"இன்னொருக்கால் ஊத்தும்," என்றார்.