மூன்றாவது படி

நான் லிஃப்ட் மெக்கானிக். நோகாமல் மேலே போய்ச் சேர மனிதன் கண்டுபிடித்த ஒரே உருப்படியான சாதனத்தை இருபது வருடமாகப் பழுது பார்க்கிறேன். என் வீட்டில் வாய்த்த இரண்டு பேருக்கும் நடந்துதான் ஏற வேண்டும், அதுவும் மலையில். ஒருத்தி என் மனைவி, பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். இன்னொருத்தி என் அக்கா, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு அலைகிற குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அக்கா ஏறுவாள், மனைவி அதை வீடியோப் படமாக எடுப்பாள். ஆனால் எடுத்த எடுப்பில் கேமராவைத் தொட மாட்டாள். நோட்டை விரித்து அந்த இடத்தைப் பத்து நிமிடம் வரைந்த பிறகுதான் கேமரா வெளியே வரும். "வரஞ்சு பாத்தாத்தாங்க எனக்குக் கண்ணே தெரியுது" என்பாள். "உன் பொண்டாட்டி வரஞ்சு முடிக்கிறதுக்குள்ள நான் ஐஸ்கட்டி ஆயிடுவேன்டா" என்று அக்கா ஊர் திரும்பி என்னிடம் புகார் படிப்பாள். மறு வருடமும் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவாள்.

ஒரு சிகரம் மட்டும் இருவருக்கும் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. மூன்று வருடத்தில் மூன்று முறை பாதியில் திரும்பினார்கள். அதற்குள் அக்காவின் வலது முட்டி தேய்ந்துபோயிற்று. மாற்றியே ஆக வேண்டும், அப்புறம் மலை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ" என்றாள் அக்கா. மனைவி மூன்று வருடமாகச் சேர்த்த படத்துக்கும் முடிவு அந்த உச்சியில்தான் இருந்தது.

குளிரில் பேட்டரி சட்டென்று செத்துவிடும். எது தாங்குகிறது என்று பார்க்க, ஒரு மாதம் எங்கள் ஃப்ரீஸரில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிகள் படுத்துக் கிடந்தன. மலையில் அவற்றைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துத்தான் இருந்தாள். கடைசி நாள் காலையில் வாட்டர் கலருக்கான தண்ணீர் உறையத் தொடங்கியது. உச்சியை வரையாமல் எப்படி எடுப்பது? அம்மணி தண்ணீர்க் குப்பியை நெஞ்சுப் பைக்குள் செருகிக்கொண்டு, பேட்டரிகளை முதுகுப் பைக்கு மாற்றினாள். வேறு யாருக்கும் புத்தி இப்படிப் போயிருக்காது.

உச்சியில் முதலில் கால் வைத்த மனைவி, அக்காவை எடுக்கத் திரும்பினாள். கேமரா ஓடவில்லை. போன் அதற்கு முன்பே குளிரில் உயிரை விட்டிருந்தது. அக்கா நொண்டி நொண்டிக் கடைசி அடிகளை வைத்து வந்துகொண்டிருந்தாள்.

"எடுக்கிறியாடி?"

"எடுக்கிறேன் அண்ணி."

அப்படி நொண்டி வருகிறவளிடம் வேறென்ன சொல்வாள்? செத்த கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றாள். அக்கா அழுதாள், சிரித்தாள், கேமராவிடம் என்னென்னவோ பேசினாள். காற்று பிடித்துவிட்டதால் ஐந்து நிமிடத்தில் இறங்க வேண்டியதாயிற்று. வரையவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னிடம் சொல்லி அழுதாள். அக்காவிடம் சொல்லித் தொலை என்றேன். நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே போனாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி அறையில் அக்காவே கேட்டுவிட்டாள். "நாளைக்கு மயக்க மருந்து குடுத்துடுவாங்க. இப்பவே அந்த உச்சிய ஒரு தடவ போட்டுக் காட்டுடி."

மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா போர்வையின் நுனியைத் திருகிக்கொண்டு கேட்டாள்.

"சரி, படம் போனாப் போகுது. நீயாவது பாத்தேல்ல? என் மூஞ்சி எப்படிடி இருந்துச்சு?"

"தெரியல அண்ணி. ஒரு கண்ணு கேமராவுல. பேட்டரி செத்ததால அதுக்குள்ள ஒரே இருட்டு. இன்னொரு கண்ண பழக்கதோஷத்துல மூடிட்டேன்."

படம் போனதைத் தாங்கிய அக்காவால் இதைத் தாங்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்தும் மனைவியிடம் பேசவில்லை. மனைவி தினமும் சாப்பாடு கொண்டுவந்தாள். "அங்க வெச்சிட்டுப் போகச் சொல்லுடா" என்று என்னிடம்தான் வார்த்தை வரும். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

மூன்றாவது வாரம் அக்காவைப் பிசியோதெரபி அறைக்கு அழைத்துப் போனோம். நடுவில் மரத்தில் செய்த பயிற்சிப் படிகள், மொத்தமே மூன்று. இரண்டு பக்கமும் கம்பி. நான் தாங்கப் போனேன்.

"தள்ளுடா. நீயும் உன் லிஃப்டும்." பிறகு வாசல் ஓரமாக நின்ற மனைவியைப் பார்த்தாள். "நோட்டு இருக்காடி?"

இல்லாமல் இருக்குமா?

முதல் படி. இரண்டாவது படியில் வலி தாங்காமல் உதட்டைக் கடித்தாள். நெற்றி வேர்த்துக் கொட்டியது. மூன்றாவது படியில் இரண்டு காலையும் ஊன்றி, கம்பியிலிருந்து கையை எடுத்தாள். அந்த முகத்தைச் சொல்ல எனக்குத் தெரியாது. மனைவி முடித்த படத்தின் கடைசியில் அது பென்சில் கோட்டில் இருக்கிறது.

"பாக்கிறியாடி?" என்றாள் அக்கா மேலிருந்து.

மனைவி கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூட இமையை மூடவில்லை.

"பாத்துட்டே இருக்கேன் அண்ணி."