முதல் தடவையிலேயே தேர்ச்சி

ஜெராக்ஸ் இயந்திரத்திலிருந்து சூடாக வரும் தாளுக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா பிள்ளைகளே? நேற்று நம் பாப்பாவின் கல்லூரி உதவித்தொகைக்காக விம்கோ நகர் கடையில் நின்றபோது அது மூக்கில் ஏறியது. கடைக்காரப் பெண் பிளஸ் டூ மார்க் ஷீட்டைப் பார்த்து, "ஒரே அட்டெம்ப்ட்தானே? இல்லன்னா தள்ளிடுவாங்க" என்றாள்.

"ஒரே அட்டெம்ப்ட்தான்க்கா" என்றாள் பாப்பா. நான்தான் மார்க் ஷீட்டை வாங்கி இன்னொரு தடவை சரிபார்த்தேன். பத்தாவதை மூன்று தடவை எழுதியவன் என்பதால் அல்ல. உங்கள் ஸ்டெல்லா அத்தையின், என் அக்காவின் நினைவு.

அக்கா வாங்கிவந்து படித்த பழைய வினாத்தாள் நகல்களிலும் இதே வாசனைதான். அதையும் அமுக்கிவிடும் இன்னொரு வாசனை அப்பாவின் சட்டையில் வரும், எத்தனை துவைத்தாலும் போகாது. எண்ணூரில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் நெடி. அந்தத் தொழிற்சாலை, தொழிலாளர் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தை முழுதாகக் கட்டியது. ஒரே நிபந்தனை, எல்லாப் பாடத்திலும் முதல் தடவையிலேயே தேறியிருக்க வேண்டும். அக்காவுக்கு அது ஒரு நிபந்தனையாகவே தெரியவில்லை. அப்படிப் படிப்பாள்.

பிளஸ் டூ பௌதிகப் பரீட்சையன்று திருவொற்றியூரில் ஏறிய பஸ் டோல்கேட்டுக்கு முன்பே நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கு எட்டியவரை துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். கூட வந்த அப்பா இறங்கிப்போய்க் கத்தினார்.

"யோவ், கொஞ்சம் ஒதுங்குய்யா! பொண்ணுக்குப் பரீட்சை கீது!"

"நான் இன்னா பறக்கவா முடியும் நைனா? ஆர்பர் வரிக்கும் வண்டி நின்னுகினு கீது" என்றார் டிரைவர். அக்கா இறங்கி, ராயபுரத்தில் இருந்த தன் பள்ளிவரை ஓடினாள். பள்ளி கேட்டை மூடிவிட்டிருந்தார்கள்.

மறுதேர்வில் அவள் வாங்கிய மார்க்கை அந்தப் பள்ளியில் யாரும் வாங்கவில்லை. தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார்.

"மார்க்கு சூப்பரா கீதும்மா. ஆனா மொதல்ல ஆப்சென்ட் ஆயிட்டியே. அதுவும் ஒரு அட்டெம்ப்ட்தான்."

"அவ ஃபெயிலாவல சார். ரோடுதான் சார் ஃபெயிலு" என்றார் அப்பா. குமாஸ்தா சிரித்தார். வேறு வழியில்லாமல் அப்பாவும் சிரித்தார். மறுவாரம் அக்கா காசிமேட்டில் இறால் உரிக்கப் போனாள்.

அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை, அலுவலகமும் இல்லை, அப்பாவும் இல்லை. லாரிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. உங்கள் மார்க்கை அத்தை ஒருநாளும் கேட்டதில்லை என்று வருத்தப்படுகிறீர்களே? ஒரு காலத்தில் என் முதுகில் அடித்து, "படிடா, படிடா" என்று தெருவே கேட்கக் கத்தியவள் அவள். அந்த வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்கவேயில்லை.