ஒரு வீட்டுக்கு ஒரு டீம்

கோபம் வந்தால் என் முகத்தில் தெரியாது, காது சூடாகும். போன செப்டெம்பரில், தோர்ண்டன் ஹீத்தில் அத்தான் வீட்டு முன்னறையில், இரண்டு காதும் கொதிக்கக் கொதிக்க ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அத்தான் என்றால் என் கணவரின் அண்ணன். நல்ல மனிதர் என்று சனமெல்லாம் சொல்லும். நானும் அதுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விஷயம் அமெரிக்கக் கால்பந்து. பேர்தான் கால்பந்து, எறிவதும் பிடிப்பதும் கையால். டொரோண்டோவிலிருந்து வந்த ஒரு மச்சான் இந்தப் பைத்தியத்தை எங்கள் குடும்பத்தில் இறக்கிவிட்டுப் போனார். அங்கே உண்மையாக விளையாடுகிறவர்களை இங்கே நாங்கள் பிரித்தெடுத்து, ஆளுக்கொரு கற்பனை டீம் வைத்துக்கொள்வோம். என் ஆள் பந்தைப் பிடித்தால் எனக்குப் புள்ளி. ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிறு எல்லோரும் கூடி, முறை வைத்து ஆள் எடுப்போம். அதுதான் டிராஃப்ட்.

எடுப்போம் என்று எழுதியது பொய். எடுப்பவர்கள் ஆண்கள். பெண்கள் நாங்கள் அடுப்படியில் ரோல்ஸ் பொரிப்போம். எங்கள் வீட்டு டீம் கணவரின் பெயரில் இருக்கிறது. அதில் இருக்கிற ஒவ்வொரு ஆளையும் தெரிவுசெய்தவள் நான். அவருக்கு ஆட்டம் பார்க்கப் பிடிக்கும், யோசிக்கப் பிடிக்காது. எனக்கு இரண்டும் பிடிக்கும். வேலைக்குப் போகும் ரயிலில் மற்றவர்கள் தூங்கி விழும்போது நான் பழைய ஆட்டங்களை போனில் ஓடவிட்டுப் பார்ப்பேன்.

முக்கியமாக ரிசீவர்களைப் பார்ப்பேன். எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர்கள் அவர்கள்தான். ஒரே அணியில் இரண்டு நல்ல ரிசீவர் இருந்தால் எங்கள் ஆட்களுக்குப் பயம். பந்து ஒன்றுதானே, ஒருவன் பங்கை மற்றவன் தின்றுவிடுவான் என்பார்கள். முதலாமவனை விழுந்தடித்து எடுப்பார்கள், இரண்டாமவனைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அவர்கள் பிடித்த பந்துகளை நான் எண்ணுவதில்லை. யாரை நோக்கி எறிகிறார்கள் என்று பார்ப்பேன். அந்த அணி நிறைய எறிகிற அணியா, இல்லை பந்தைக் காவிக்கொண்டே ஓடுகிற அணியா? எறிகிற அணி என்றால் இரண்டு பேருக்கும் வயிறு நிறையும். முதலாமவனை மறிக்க எதிரணி இரண்டு பேரை அனுப்பும். அந்த நேரம் இரண்டாமவன் மறிக்க ஆளில்லாமல் வெட்டவெளியில் நிற்பான். போன கோடையில் அப்படி ஒரு சோடியைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அதே கோடையில் எங்கள் விளையாட்டில் ஒரு டீமின் இடம் காலியானது. அப்டன் பார்க்கில் இருந்த ஒரு தம்பி குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கம் கெட்ட ஆசைதான். என் பெயரில் ஒரு டீம், தோற்றாலும் என் பெயரில் தோற்க வேண்டும். டிராஃப்ட் அன்று ரோல்ஸ் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுப்படிக்குத் திரும்பாமல், ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அத்தான், அந்தக் காலி இடத்தில நான் விளையாடுறன்."

அத்தான் சிரித்தார். "பிள்ளை, ஒரு வீட்டுக்கு ஒரு டீம். கோயில் உபயம் மாதிரித்தான். ஒரு குடும்பம் ரெண்டு நாள் திருவிழா எடுக்கலாமோ?"

தலைகள் ஆடின. எங்கள் ஆட்கள் எதையும் குடும்பக் கணக்கில்தான் பார்ப்பார்கள். திருவிழாவில் ஒரு நாள் செலவை ஏற்கிற உபயம் குடும்பத்துக்கு ஒன்று, கலியாணக் கார்ட் குடும்பத்துக்கு ஒன்று. அதே சட்டத்தைப் பந்து விளையாட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"புருசனும் பெண்சாதியும் ஒரே அணி ரிசீவர் மாதிரி," என்றார் அத்தான். "ஒராளின்ர பங்கை மற்றாள் தின்னுறதுதான் மிச்சம்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ரோல்ஸைப் பார்த்தார்.

சட்டம் என்றால் சட்டம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் அடுத்த நிமிடமே அத்தான் அந்த இடத்தைத் தன் மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். மகளும் மாப்பிள்ளையும் அதே வீட்டில், மேல்மாடியில்தான் இருக்கிறார்கள்.

"அவையும் இந்த வீடுதானே?" என்றேன்.

"மாப்பிள்ளை வேற குடும்பம், பிள்ளை."

அந்த மாப்பிள்ளைக்குப் பந்து என்ன வடிவம் என்றே தெரியாது. என் பக்கம் சாய்ந்து, "மாமி, எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாறியளோ?" என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கு இடமில்லாத விளையாட்டில் நான் இரண்டு டீமுக்கு ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

டிராஃப்ட் தொடங்கியது. முதல் சுற்றில் கணவர் நான் சொன்னபடி அந்தச் சோடியில் முதலாமவனை எடுத்தார். நாலாம் சுற்றிலும் இரண்டாமவன் மிச்சம் இருந்தான். கணவர் அவன் பெயரைச் சொல்ல வாயெடுத்ததும் அத்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

"தம்பி, உனக்கென்ன விசரே? ஒரே அணியில ரெண்டு பேரோ?"

கணவர் என்னைப் பார்த்தார். எடுங்கோ என்று தலையசைத்தேன். அவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு வேறு யாரோ ஒருவனை எடுத்தார்.

அடுத்த முறை அத்தானுடையது. ஆற அமரத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்த இரண்டாமவனைத் தானே எடுத்தார்.

முன்னறை முழுக்கச் சிரித்தது. என் கணவரும் சிரித்தார். "அண்ணை பேய்க்காட்டிப்போட்டார்," என்றார், ஏமாந்ததே பெருமை மாதிரி.

கோடை முழுக்க நான் தேடிப்பிடித்த ஆள். கணவர் அன்று சிரித்த சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"இந்த டீமுக்கு ஆள் பாக்கிறது நான். முதல் வருசத்தில இருந்து நான்தான், இவரில்லை. இப்பவாவது தெரிஞ்சுகொள்ளுங்கோ."

தெரிந்தால் வெட்கப்படுவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். யாரும் ஆச்சரியப்படக்கூட இல்லை. ஒருவர் சோஸ் போத்தலை எட்டி எடுத்தார்.

"தெரியும் பிள்ளை," என்றார் அத்தான், அன்பாகவே. "எல்லாருக்கும் தெரியும். அதாலதானே ஒரு வீட்டுக்கு ஒண்டு எண்டனான். நீர் தனிய விளையாடினா தம்பிக்கு ஆர் இருக்கினம்?"

கணவர் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அப்போது வந்த கோபத்துக்கு முன்னால் அதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை. எனக்கு விளையாடத் தெரியாது என்று அவர்கள் தடுக்கவில்லை. தெரியும் என்றுதான் தடுத்தார்கள். நான் மறுபடியும் உட்கார்ந்தேன்.

ஐந்தாம் சுற்றில் எங்கள் முறை வந்தது. குறித்த நேரத்துக்குள் ஆளைச் சொல்லாவிட்டால் போனில் இருக்கிற ஆப் தானே ஒருவனை எடுத்துவிடும்.

"ஆரை எடுக்கிறது?" என்று கணவர் மெல்லக் கேட்டார்.

யாரை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

"சொல்லுமன்," என்றார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தானும் சிரிப்பை விட்டுவிட்டு, "சொல்லும் பிள்ளை," என்றார்.

"உங்கட தம்பியைக் கேளுங்கோ, அத்தான். அவற்ர டீம்தானே."

நேரம் முடிந்தது. முழங்கால் உடைந்து சீசன் முழுக்க வீட்டில் இருக்கப்போகிற ஒருவனை ஆப் எடுத்து எங்கள் டீமில் போட்டது. யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகும் நிறையச் சுற்றுகள் இருந்தன. ஒவ்வொரு முறையும் கணவர் என் பக்கம் திரும்பினார். நான் அடுப்படிக்குப் போகவில்லை. அதே கதிரையில், வாயை மூடிக்கொண்டு, கடைசிச் சுற்றுவரை இருந்தேன்.