நீலப் பென்சிலும் நூற்றிருபது பிரதிகளும்

சொந்தமாகப் பத்திரிகை போடப்போகும் இரண்டு கல்லூரி மாணவிகள் போன வாரம், "ஜாலான் புசார்ல அந்தக் காலத்துல எப்படி வித்தீங்க?" என்று கேட்டார்கள். அவர்களுக்காக, 1986இல் ஒரு சனிக்கிழமை சிங்கப்பூரில் நான் போய்வந்த வழியை எழுதுகிறேன்.

அப்போது நானும் தோழி ஸ்டெல்லாவும் 'கீழ்த்தளம்' நடத்திவந்தோம். பதினாறு பக்கம், விலை ஒரு வெள்ளி. வானொலியில் வராத இசைக்குழுக்களுக்குப் பாதி இடம், படக்கதைக்கு மீதி. முதல் மூன்று இதழ்களில் முக்கால்வாசி திரும்பி வந்தன. நான்காவதும் விற்காவிட்டால் நிறுத்திவிடுவது என்று பேசிவைத்திருந்தோம். அதில்தான் என் முதல் படக்கதை: லிஃப்ட் நிற்காத மாடியில் குடியிருக்கும் ஒருவன் ட்ரம் செட்டைச் சுமந்துகொண்டு படியேறுகிறான். படம் ஸ்டெல்லா, வசனம் நான்.

என் வீடு இருந்த சுவா சூ காங்கில் காலை 10.40க்குப் பேருந்து. ஒருமுறை மாறி, சுமார் 20 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், 1 வெள்ளி 10 காசு. (இப்போது ரயிலில் ஒரு மணி நேரம் போதும்.) சிராங்கூன் சாலையில் இறங்கியதும் நகலெடுக்கும் கடை. ஸ்டெல்லா அங்கே காத்திருந்தாள். 120 பிரதிகளும் தயார். பிரித்துப் பார்த்தேன். படக்கதையில் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். பேச்சுக் குமிழ்கள் வெறும் வெள்ளை.

"நீலப் பென்சில்ல எழுதுனா மெஷினுக்குத் தெரியாதும்மா. வேணும்னுதான் விட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றார் கடைக்காரர்.

நகலில் விழக்கூடாது என்றே, கோடு போட ஸ்டெல்லா வாங்கிவைத்திருந்த வெளிர்நீலப் பென்சில் அது. எதால் எழுதுவது என்று கேட்கக் கூச்சப்பட்டு, மேசையில் கிடந்ததை எடுத்து எழுதியிருந்தேன். அசலில் எழுத்து தெரிந்ததால் அவளும் கவனிக்கவில்லை.

"வீட்டுல முதல் பட்டதாரி! பென்சில் பாத்து எடுக்கத் தெரியல" என்றாள்.

கடை வாசலில் உட்கார்ந்து கையால் எழுதத் தொடங்கினேன். இரண்டரை மணிக்குள் ஒன்பது பிரதிகள்தான் முடிந்தன. அங்கிருந்து பத்து நிமிட நடை. இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இசைக்குழுக்களின் கச்சேரி, மூன்று மணிக்கு. வாசலோரம் மேசை போட்டுப் பிரதிகளை அடுக்கினோம்.

துவாஸ் தொழிற்பேட்டையில் வெல்டராக இருந்த ஒரு அண்ணன்தான் முதலில் புரட்டினார். "என்னம்மா, எல்லாரும் ஊமையா?"

"நீங்களே எழுதுங்களேன்" என்று பேனாவை நீட்டிவிட்டேன்.

நின்றபடியே எழுதினார். ட்ரம்மரின் பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறாள்: "இடி இடிக்குதுன்னு காயப்போட்ட துணியெல்லாம் எடுத்துட்டேன், நீதானா அது!"

ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மைக்குல படிடி."

"நானா?"

"வேற யாரு லா? மெஷினா வந்து படிக்கும்?"

படித்த காலத்தில் வகுப்பில்கூட வாய் திறக்காத நான் மேடையேறிப் படித்தேன். மேடையில் இருந்த குழுவின் ட்ரம்மர் உடனே 'தொம்' என்று அடித்தார். கூடமே அதிர்ந்தது. அதன்பின் வாங்கி வசனம் எழுத மேசை முன்னால் வரிசை. ஒவ்வொரு குழு இறங்கியதும் புதிதாக எழுதியவற்றை நானே போய்ப் படித்தேன், யாரும் தள்ளாமல். 5.40க்கு 111 பிரதிகள் விற்றிருந்தன. மிஞ்சியவை என் கைப்பட வசனம் எழுதிய ஒன்பது மட்டும்.

ஏழாம் இதழோடு 'கீழ்த்தளம்' நின்றது, எங்கள் வேலைகள் காரணமாக, விற்காமல் அல்ல. அதுவரை இதழுக்கு ஒரு படக்கதையை வசனம் இல்லாமலே விட்டோம்.

கிளம்பும் மாணவிகளுக்கு: கச்சேரி தொடங்க அரை மணி முன்பே போய் வாசலோரம் மேசை பிடியுங்கள். வசனத்தைக் கறுப்பு மையில் எழுதுங்கள். பேனா மட்டும் இரண்டு டஜன் எடுத்துப்போங்கள். நாங்கள் கொண்டுபோன மூன்றில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.