வேலி அடைக்க வந்த வலைப்பந்து ரீம்

போன கிழமை கிளிநொச்சியில் பஸ்ஸுக்கு நின்றேன். ஒரே நிற ரீசேட் போட்ட பிள்ளைகள் தரிப்பிடத்தைச் சுற்றிப் புல்லுச் செருக்கிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு கல்லூரியின் கரப்பந்தாட்ட அணி. பின்னால் கட்டியிருந்த பதாகையில் ‘ஆளுமை விருத்தியும் சமூக சேவையும்’ என்று எழுதியிருந்தது. ஒருத்தி வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, “அம்மா, பையைத் தாங்கோ, ஏத்திவிடுறன்” என்றாள். நான் பையை விடவில்லை. அவளும் இழுக்க, நானும் இழுக்க, கடைசியில் அந்தப் பிள்ளை முகம் சுருங்கி விலகிப் போய்விட்டது. பஸ்ஸில் ஏறி இருந்த பிறகும் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உதவி செய்ய வந்த பிள்ளையோடு இழுபறிப்படுகிற மனுசியைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ தெரியாது. நானே நல்லாக நினைக்கவில்லை.

செருக்கிய புல்லின் பச்சை மணம் என் ஊர் விசுவமடு வரைக்கும் கூடவே வந்தது. வழியில் அது எப்படியோ ஊறப்போட்ட தென்னோலைக் கிடுகின் மணமாக மாறிவிட்டது. கிடுகு ஊறிய தண்ணீர் கறுத்து, புளித்து நாறும். மூக்கைப் பொத்துகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அது வேலி அடைக்கிற நாளின் மணம்.

சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த புதிதில் எங்களுக்கு வேலி இல்லை. தகரமும் தறப்பாளுமாக ஒரு கொட்டில், ஒரு கிணறு, அவ்வளவுதான். அவரும் இல்லை. கிணற்றடியில் நாலு தடி நட்டு, பழைய சேலையைச் சுற்றிக் கட்டி, காற்றடித்தால் ஒரு கையால் சேலையையும் மறு கையால் வாளியையும் பிடித்துக்கொண்டு குளிப்பேன். காலையில் முன்பள்ளியில் ரீச்சர். பின்னேரம் இந்த வித்தை. மகளைக் கிளிநொச்சியில் அண்ணாவின் கல்வீட்டில் விட்டிருந்தேன். அங்கேயிருந்து உயர்தரம் படித்தாள், கல்லூரி அணியில் வலைப்பந்து விளையாடினாள். அவள் விளையாடி ஒருநாளும் நான் பார்த்ததில்லை. விழுந்து முழங்கால் உடைப்பாளோ, பசியோடு ஓடுவாளோ என்று இங்கேயிருந்தபடி பயந்ததுதான் என் பங்கு.

ஒருநாள் ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையார் சைக்கிளை நிற்பாட்டி, கிளிநொச்சியிலிருந்து விளையாட்டுப் பிள்ளைகள் சிரமதானத்துக்கு வருகிறார்கள், ஆம்பிளை இல்லாத வீடு என்று உங்களுடையதைச் சொல்லியிருக்கிறேன், வேலியை அடைத்துத் தருவார்கள் என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கத் தோன்றவில்லை. வேலி என்றதும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. எங்கள் பக்கத்தில் வேலி அடைக்க வருகிறவர்களுக்குக் கூலி இல்லை, சோறுதான். சோறு கொடுக்காமல் அனுப்பினால் அந்த வேலி நிற்காது என்பார்கள். விடிய எழும்பிச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன்.

வான் வந்து நின்றது. எல்லாருக்கும் கடைசியாக இறங்கியவள் என் மகள்.

பேர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் “வணக்கம் அன்ரி” என்றாள். வேலிக் கதியால் தடியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. மாமாவின் கல்வீட்டைத்தான் இவர்களுக்குத் தன் வீடு என்று சொல்லி வைத்திருக்கிறாள். கோபம் வரவில்லை. கிணற்றடிச் சேலையும், ஓட்டை விழுந்த தறப்பாளும், வெடித்த என் குதிக்கால்களும் அவளுடைய கண்ணால் எனக்குத் தெரிந்தன. அவளுக்கு முன்னால் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை.

“வாங்கோ பிள்ளையள்” என்றேன்.

வேலி கட்ட இரண்டு பேர் வேண்டும். வெளியே நிற்கிறவர் நீண்ட மரக் குத்தூசியில் கயிற்றைக் கோத்துக் கிடுகுக்கூடாகக் குத்துவார். உள்ளே நிற்கிறவர் வாங்கி இழுத்துத் திருப்பிக் குத்துவார். அவர்களுடைய விளையாட்டு ரீச்சர், அவா புதிதாக வந்தவா, சோடி பிரித்தபோது மகளை வெளியேயும் என்னை உள்ளேயும் விட்டா. அடுத்த சோடியில் நின்ற கப்டன் பிள்ளை வாயாடி. “பந்தை எறியிற மாதிரிக் குத்தாதையடி, அன்ரியின்ர கண் போயிடும்” என்று மகளைப் பகிடி பண்ணினாள். கிடுகு நிரை உயர உயர மகளின் முழங்கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது, கடைசியில் முகமும் மறைந்தது. அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து மெல்லக் கேட்டது.

“அம்மா, கை நோகுதோ?”

ரீச்சர் எனக்குப் பக்கத்திலேயே நின்றா.

“இல்லைப் பிள்ளை. நீங்கள் இழுங்கோ.”

சாப்பாட்டுக்கு முன்னால் ரீச்சர் ஆளுமை விருத்தி பற்றிச் சின்னதாக ஒரு பேச்சு வைத்தா. விளையாடத் தெரிந்தால் போதாது, மற்றவையின்ர கஷ்டமும் தெரியவேணும் என்கிற மாதிரி. அந்தக் கஷ்டம் நான்தான் என்பதால் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளைகள் பாயில் நிரையாக இருந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டு வந்தேன். மகளின் தட்டில் சோறு வைத்தேன், பருப்பு விட்டேன், இன்னுமொரு கரண்டி பருப்பும் விட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டேன். கத்தரிக்காய் போடவில்லை. சின்ன வயதிலிருந்தே கத்தரிக்காய் தின்றால் அவளுக்கு உதடு வீங்கும். யோசித்துச் செய்யவில்லை, கை தன்பாட்டில் செய்தது.

அடுத்ததாக இருந்தவள் கப்டன். ஒருவரும் சொல்லாமலே கத்தரிக்காய் இல்லாமற்போன மகளின் தட்டை அவள் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மகளின் முகத்தை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நெற்றி. நிரையில் மற்றத் தலைகளும் திரும்பின. மகள் குனிந்து சோற்றைக் குழைத்துக்கொண்டேயிருந்தாள், வாயில் வைக்கவில்லை.

கப்டன் தன் தட்டைக் கையால் மூடினாள். “எனக்கும் கத்தரிக்காய் வேண்டாம் அன்ரி. சரிவராது.”

“எனக்கும்தான்” என்றாள் பக்கத்துப் பிள்ளை. அதற்கடுத்தவளும் தட்டை மூடினாள். நிரை முடியும்வரை ஒருத்தியும் வாங்கவில்லை. முழு ரீமுக்கும் ஒரே வருத்தமோ என்று ரீச்சர் சிரித்தா. “ஓம் ரீச்சர்” என்றார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்க்காமலே.

குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய், அவர்கள் வெளிக்கிடும்வரை அடுப்பில் ஏதோ வேலை இருக்கிற மாதிரி நின்றேன். என் வறுமையைப் பார்த்தது பரவாயில்லை. என் பிள்ளையின் பொய்யையும் பார்த்து, அதை மறைக்கத் தங்கள் பசியையும் தந்துவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளைகளில் அரைவாசிப்பேர் தறப்பாளுக்குக் கீழேயிருந்து வந்தவர்கள்தான் என்று பிறகு அறிந்தேன்.

அடுத்த லீவில் மகள் வந்தாள். பையை வைத்துவிட்டு நேரே வேலியடிக்குப் போய், தளர்ந்திருந்த ஒரு கட்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். அந்த நாளைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் இல்லை, இப்போது கதைப்பதென்றால் போனில்தான், அவள் வெளிநாட்டில்.

அந்த வேலியைக் கறையான் தின்றுவிட்டது. எங்கள் ஒழுங்கையில் இப்போது கிடுகு வேலி ஒன்றும் இல்லை. குத்தூசி என்றால் பிள்ளைகளுக்குத் தெரியாது. போன வருசம் மகளின் உதவியால் மதில் கட்டினோம். மத்தியானம் மேசன்மாரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். “வேண்டாம் அம்மா, எங்களுக்குப் பார்சல் வரும்” என்றார்கள். மதில் நிழலில் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, பேப்பரைக் கசக்கி எறிந்துவிட்டு வேலைக்கு எழும்பினார்கள். ஒருவருக்கும் நான் பரிமாற வேண்டி வரவில்லை, கை ஒன்றையும் காட்டிக்கொடுக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.