புதிது வேண்டாதவருக்கு ஒரு படையல்

என் கணவர் முப்பது வருடமாகப் பிரிக்பீல்ட்ஸில் ஒரே கடையில் ஒரே தோசையைத் தின்றவர். இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்ட காஜாங் சாத்தே வாங்கி வந்தால், "பழகினதே போதும்லா" என்று தட்டைத் தள்ளிவிடுவார். என்னையும் தொட விடமாட்டார். புதிதாக எதையும் வாயில் வைக்காத அந்த மனிதர் சிரித்தும் நான் பார்த்ததில்லை.

அவர் செத்து வருடம் திரும்பியபின் வந்த தீபாவளிக்கு முந்தின நாள் படையலில் அவர் படத்துக்கு முன்னால் சாத்தேயை வைத்தேன்.

நாத்தனார் முகம் சுளித்தாள். "அண்ணனுக்குப் பிடிச்சதைத்தானே அண்ணி வைக்கணும்?"

"பிடிச்சதை எல்லாம் உயிரோட இருக்கும்போதே தின்னுட்டார். இப்ப தட்டைத் தள்ளச் சொல்லு, பாப்போம்."

தட்டு நகரவில்லை. கற்பூரம் அணைந்ததும் அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு குச்சி விடாமல் தின்றேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நான் அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டதில்லை.