பந்தை யார் போய் எடுப்பது?

ஒரு கோல்கூட அடிக்காமல் ஒரு சீசனைக் கடப்பது சுலபமான காரியமில்லை. எங்கள் வெள்ளிமலைப் பெண்கள் கால்பந்து அணி போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை அதைக் கச்சிதமாகச் செய்துகொண்டிருந்தது.

நான்தான் அட்டாக் கோச். வார நாட்களில் கள்ளக்குறிச்சியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். சனிக்கிழமையானால் மலை பஸ். காலேஜில் ஆடியிருக்கிறேன், அதனால் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்று — விங்கிலிருந்து உள்ளே வெட்டுவது. இரண்டு — முக்கோண பாஸ். மூன்று — ஒருத்தி டிஃபெண்டரை இழுத்துக்கொண்டு போக, இன்னொருத்தி காலியிடத்தில் புகுவது. ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி, கலர், உட்பிரிவு...

கிளப் செயலாளர் மாணிக்கம் அண்ணனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. "திட்டம் ஜாஸ்தி, அனுபவம் கம்மிம்மா. நேத்து வரைக்கும் கபடி ஆடிக்கினு இருந்த பொண்ணுங்க. அதுங்களுக்கு இன்னாத்துக்கு முக்கோணம்?"

நான் விடுவேனா? "திட்டப்படி ஆடினா அனுபவம் தானா வரும்ணே." சீசன் முழுக்க இதே பட்டிமன்றம்.

கடைசி மேட்ச் திருக்கோவிலூரில். ஜீப்பில் ஏறும்போதே அண்ணன் சொல்லிவிட்டார்: "ஊர்ல சிரிக்கிறாங்க. இன்னிக்கும் ஒரு கோல் வுழலன்னா அடுத்த சீசன்ல பொண்ணுங்க டீம் கெடையாது."

கேப்டன் பூங்கொடி வழியெல்லாம் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டே வந்தாள். வீடு வீடாக ஏறி, ஒவ்வொருத்தியின் அப்பாவையும் சம்மதிக்க வைத்து அணியைச் சேர்த்தவள் அவள்தான்.

முதல் பாதியில் என் மூன்றாவது திட்டம் அச்சு அசலாக நடந்தது! பந்து பூங்கொடியின் காலில். கீப்பர் எங்கோ விழுந்து கிடக்கிறாள். எதிரே காலியான கோல். பூங்கொடி என்ன செய்தாள்? நிதானமாகத் திரும்பி, பின்னால் இருந்தவளுக்குப் பாஸ் கொடுத்தாள்.

இடைவேளையில் கேட்டேன்: "ஏன் அடிக்கல?"

"ஓங்கி அடிச்சா வெளிய பூடும்க்கா."

"போனா போகட்டுமே!"

"யாரு போய் எடுக்கறது?"

இதுகூடத் தெரியாதா என்று மொத்த அணியும் என்னைப் பார்த்தது. வெள்ளிமலை மைதானத்தில் கோலுக்குப் பின்னால் சரிவு. குறி தவறினால் பந்து உருண்டுபோய்க் கீழே மரவள்ளிக் கொல்லையில்தான் நிற்கும். அடித்தவள்தான் இறங்கி எடுத்து வரவேண்டும் — அது அவர்கள் சட்டம். அவள் ஏறி வருவதற்குள் இருட்டிவிடும். மற்றவர்கள் வாயில் வந்தபடி திட்டுவார்கள். அதனால் யாரும் ஓங்கி உதைப்பதே இல்லை. பூப்போலத் தள்ளுவார்கள். நான் அதை 'பால் கன்ட்ரோல்' என்று நினைத்துப் பாராட்டி வேறு இருக்கிறேன்!

"இங்கதான் பின்னாடி சுவர் இருக்கே?"

"கண்ணுக்குத் தெரியுதுக்கா, காலுக்குத் தெரியலியே" என்றாள் எங்கள் கீப்பர் வள்ளி.

ஒரு வேலை ஓடவில்லை என்றால் ஒருவர் திட்டத்தைத் திட்டுகிறார், இன்னொருவர் ஆளைத் திட்டுகிறார். நின்று ஆடும் தரையை யாராவது பார்க்கிறோமா?

"சரி, இனிமே பந்து எங்க போனாலும் நான் எடுத்துட்டு வரேன்."

"நெசமாவாக்கா?" பூங்கொடி எழுந்தே நின்றுவிட்டாள். "செவுரு தாண்டினா?"

"நானும் தாண்டுறேன்."

"அப்போ ஷூவ நல்லா இறுக்கிக் கட்டிக்குங்க."

கபடி ஆடிய கால்கள் அல்லவா... முதல் உதை வேப்பமரத்தில். அடுத்தது ரெஃப்ரியின் காதை உரசிக்கொண்டு போனது. அதற்கடுத்தது சுவருக்கு அந்தப் பக்கம். "யக்கா, இன்னொண்ணு வருது!" நான் ஓடிக்கொண்டே இருந்தேன். அண்ணனோ கோட்டருகே குதிக்கிறார்: "அடிங்கம்மா, கோச்சு சும்மாத்தான் கீறாங்க!"

மறுபடி ஒன்று சுவரைத் தாண்டியது. டீக்கடை பெஞ்சுக்கு அடியில் நான் குனிந்திருந்தபோது, மைதானத்தில் மாற்றுப் பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடர்ந்துவிட்டார்கள். திடீரென்று ஒரு கூச்சல். அடித்துப் பிடித்துச் சுவரில் ஏறிப் பார்த்தால் — வலைக்குள் பந்து! பூங்கொடி மேல் மொத்த அணியும் குவிந்து கிடக்கிறது. அடியிலிருந்து அவள் சிரிப்பு மட்டும் கேட்கிறது. சீசனின் ஒரே கோலை நான் பார்க்கவே இல்லை.

மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். நாங்கள் போட்ட ஆட்டத்தில், ஜெயித்தது யார் என்று ஜெயித்தவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் பஜ்ஜி சொன்னார். டீம் உண்டா இல்லையா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஜீப் மலை ஏறும்போது பூங்கொடி என் தோளில் சாய்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "அடுத்த சீசனும் நீங்கதான எடுப்பீங்க?"

இதைவிடப் பெரிய ப்ரமோஷன் எனக்கு எந்த ஆபீஸிலும் கிடைத்ததில்லை!